தோலில் ஒட்டும் தடுப்பூசி

தடுப்பூசி நாளில் தாய் அஞ்சுவது பிள்ளையின் அழுகைக்கு. மருந்தைக் கொண்டு வருபவர் அஞ்சுவது குச்சவெளி வெயிலுக்கு. சின்னமுத்துத் தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் காக்க வேண்டும். தூளாக உள்ள அதைக் கரைத்தால் 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். வீட்டையும் வயலையும் விட்டு ஓடிய காலங்களில், பாதை மூடப்பட்டு மின்சாரம் நின்றால், பிள்ளையின் முறை தவறிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதற்கு ஒரு வழியாக விஞ்ஞானிகள் நுண்ணூசிகளை ஆராய்கிறார்கள். அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

நமது தோலின் மேற்படை மிக மெல்லியது. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஆயினும் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கும் வேலி அதுவே. அதற்குச் சற்றுக் கீழே நோயை எதிர்க்கும் கலங்கள் நிறைந்துள்ளன. ஆகவே அந்த வேலியைத் தாண்டினால் போதும். ஒரு மில்லிமீற்றரிலும் குட்டையான பல ஊசிகளை ஒரு சிறு ஒட்டுத்துண்டில் அமைக்கிறார்கள். மருந்தைச் சர்க்கரை போன்ற கரையும் பொருளுடன் கலந்து ஊசியாகவே வார்க்கிறார்கள். தோலில் அழுத்தியதும் ஊசி உள்ளே கரைந்துவிடும். நரம்புகள் செறிந்த ஆழத்துக்கு அது போகாததால் வலியும் மிகக் குறைவு.

வடிவமைப்பில்தான் சிக்கல். ஊசி கூராக இருக்க வேண்டும், ஆனால் ஒடியக்கூடாது. வெங்காயத்தை நெருக்கி நட்டால் விளைச்சல் கெடுவது போல, ஊசிகளை நெருக்கி வைத்தாலும் காரியம் கெடும். ஒரு குண்டூசியைக் கத்தரிக்காயில் குத்திப் பாருங்கள்; எளிதில் இறங்கும். இருபதை ஒன்றாகக் கட்டிக் குத்துங்கள். அழுத்தம் பகிரப்படுவதால் தோல் அமுங்குமே தவிர இலகுவில் துளைபடாது. இன்னொரு குறை, சிறிய ஊசியில் சிறிதளவு மருந்தே அடங்கும். தடுப்பு மருந்துக்கு அது போதும். எல்லா மருந்துக்கும் போதாது.

இதே ஊசிகளைக் கொண்டு தோலுக்கடியிலுள்ள நீரைச் சிறிது எடுத்து, இரத்தம் எடுக்காமலே நோயைச் சோதிக்கவும் முயல்கிறார்கள்.

1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தார் சிலிக்கனில் நுண்ணூசிகள் செய்து, அவை தோலினூடாக மருந்து செல்ல வழிவிடுவதைக் காட்டினர். பின்னர் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவில் சின்னமுத்து, ருபெல்லா ஆகிய இரண்டுக்குமான ஒட்டுத்துண்டை 45 வளர்ந்தோரிடமும் 240 பிள்ளைகளிடமும் ஆராய்ந்தார்கள். மணிக்கட்டில் 5 நிமிடம் ஒட்டினார்கள். ஒரே தடவை பெற்ற கைக்குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சின்னமுத்துக்கு எதிராகப் பாதுகாப்புப் பெற்றதாக 2024இல் வெளியான முடிவு கூறியது. ஆனால் இது சிறிய ஆய்வு. ஒட்டுத்துண்டு இன்னும் கிளினிக்குகளில் வழமையான பாவனைக்கு வரவில்லை.

எனவே அதற்காகக் காத்திருக்கலாமா? கூடாது. இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. 2023இல் அது மீண்டும் பரவியது. தடுப்பூசி தவறிய பிள்ளைகளைத்தான் அந்நோய் தேடி வரும். நமது நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் இதற்கான ஊசி போடப்படுகிறது. இடம் மாறும்போது கிளினிக் கொப்பியைக் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தாலும் மருத்துவமாதுவிடம் பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள்.

கலந்துரையாடுவோம்:
1. நமது குடியிருப்பில் ஊசி தவறிய பிள்ளைகள் யார்? காரணம் என்ன?
2. கிளினிக்குக்குப் போக முடியாத தாய்க்கு நாம் எவ்வாறு உதவலாம்?