"எந்தக் கிதாபில் இருக்கிறது?" – யாரும் எழுதும் கலைக்களஞ்சியமும் நமது அமானிதமும்

  



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், முன்னோர்களில் ஒரு பெரிய இமாமின் பெயரைச் சொல்லி, அவர் கூறியதாக ஒரு வாசகத்தை எடுத்துச் சொன்னேன். கேட்டவர்களுக்கு மிகவும் பிடித்துப் போனது. தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், ரொம்ப நல்லா இருந்துச்சு. அது எந்தக் கிதாபுல வருது?" என்று கேட்டார். குறை காண்பதற்காகக் கேட்கவில்லை. குறித்து வைத்துக்கொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். நான் குறிப்பு எடுத்தது இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் ஒரு பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் வேறொரு தளத்தை ஆதாரமாகக் காட்டியது. அந்தத் தளத்துக்குப் போனால், அது முதல் பக்கத்தையே ஆதாரமாகக் காட்டியது. கிதாபு எங்கும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மிம்பரில் நின்று, "போன வாரம் நான் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று சொன்னேன். ஆனால் போன வாரம் கேட்டவர்கள் எல்லோரும் இந்த வாரம் வந்திருந்தார்களா? வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் திரும்ப எடுத்தார்களா? அந்தக் கவலை இன்றும் என்னை விடவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனத்தில், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி அல்லாஹ் நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறான். விசாரிக்காமல் நடந்தால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு, பிறகு வருந்த நேரிடும் என்று காரணத்தையும் சொல்கிறான்.

செய்தியைக் கொண்டு வந்தவர் யார் என்று தெரியும்போதே விசாரிக்க வேண்டும் என்றால், யார் என்றே தெரியாதபோது? ஹதீஸ் கலையில் இப்படிப்பட்டவருக்கு ஒரு பெயர் உண்டு: 'மஜ்ஹூல்', அறியப்படாதவர். அவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் தனியாக அறிவிப்பதை முஹத்திஸ்கள் ஆதாரமாக எடுப்பதில்லை.

இப்போது விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. பெரும்பாலான பக்கங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சொந்தப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பலர் பார்ப்பதால் தவறு வந்தாலும் யாராவது திருத்திவிடுவார்கள் என்பதுதான் அதன் அடிப்படை நம்பிக்கை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நடக்காதபோது என்ன ஆகிறது?

ஒரு மனிதரின் மானம்

ஜான் சீகென்தாலர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவரது ஜனாஸாவைச் சுமந்தவர்களில் இவரும் ஒருவர். 2005 மே மாதம், பெயர் தெரியாத ஒருவர் விக்கிப்பீடியாவில் இவரைப் பற்றி எழுதினார்: கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் இவருக்குத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதாம்!

அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கும் மேல் அங்கேயே இருந்தது. நண்பருக்காகக் கண்ணீர் விட்டவரை, அந்த நண்பரின் கொலைகாரர்களோடு சேர்த்துப் பேசிய பக்கத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அப்போது சீகென்தாலருக்கு வயது 78. பிறகு அதை எழுதியவர் வெளியே வந்து, உடன் வேலை செய்பவரிடம் விளையாட்டுக் காட்டத்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு விளையாட்டு, இவருக்கு மானம்!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்ட நிகழ்வைப் பற்றி நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் பேசும்போது, மக்கள் அதை நாவுக்கு நாவு எடுத்துச் சென்றதையும், அதை இலேசாக நினைத்ததையும், அல்லாஹ்விடத்தில் அது மிகப் பெரியதாக இருந்ததையும் கண்டித்துச் சொல்கிறான் (24:15). எழுதியவர் ஒருவர்தான், எடுத்துச் செல்பவர்கள்தான் அதைப் பெரிதாக்குகிறார்கள்.

நடக்காத போர்

இரண்டாவது சம்பவம் நம் நாட்டைப் பற்றியது. கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்ப் பெயரில் 2007ஆம் ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை வந்தது. 1640-41இல் கோவாவின் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்ததாகவும், கடைசியில் சமாதான ஒப்பந்தம் ஆனதாகவும் விரிவாக எழுதப்பட்டிருந்தது. அடிக்குறிப்புகள் எல்லாம் இருந்தன. விக்கிப்பீடியாவின் ஆசிரியர்களே அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012 இறுதியில் ஒருவர் அடிக்குறிப்பில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். அந்த நூல்களே உலகத்தில் இல்லை! அப்படி ஒரு போரும் நடக்கவில்லை!

நூல்களைத் தேடாமலேயே இதைப் பிடித்திருக்கலாம், சகோதரர்களே! சத்ரபதி சிவாஜி முடிசூடியது 1674இல். 1640இல் அவர் சிறுவர். இல்லாத பேரரசு எப்படிப் போருக்கு வந்தது?

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் நடந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கைபர்வாசிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியிலிருந்து விலக்கு அளித்ததாகச் சொல்லும் ஓர் ஆவணம் அமைச்சரிடம் கொண்டு வரப்பட்டது. ஸஹாபாக்களின் சாட்சியும் அதில் இருந்தது. அமைச்சர் அதை ஹாஃபிழ் கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். பார்த்தவுடன் இது போலி என்றார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஆவணத்தில் முஆவியா (ரலி) அவர்களின் சாட்சி இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் நடந்ததோ 7இல். ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் சாட்சியும் இருக்கிறது. அவர்கள் கைபருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார்கள்.

கதீப் அவர்களிடம் கணினி இல்லை. சாட்சி சொன்னவர் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க முடியுமா என்ற ஒரே கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாததால், ஒரு பொய்ப் போர் ஐந்து ஆண்டுகள் வரலாறாக உலா வந்தது.

பொய்யே தனக்குச் சான்றாகும் விந்தை

மூன்றாவது சம்பவம் சிரிப்பாக இருக்கும். சிந்தித்தால் பயமாக இருக்கும்.

தென் அமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு சிறு விலங்கு உண்டு. நீண்ட மூக்கு, வளையம் வளையமான வால். 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாக, இதற்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் எறும்பு தின்னும் விலங்கு. கோவாட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரியைப் பார்த்து இணையதளங்கள் எழுதின. பிரிட்டனின் பெரிய நாளிதழ்களும் அந்தப் பெயரை அச்சிட்டன. பிறகு என்ன ஆனது தெரியுமா? அந்த வரிக்கு ஆதாரமாக ஒரு நாளிதழ்ச் செய்தியே விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பாகச் சேர்ந்தது!

பிள்ளை தன் தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்த கதை இது. நான் ஆரம்பத்தில் சொன்ன என் தவறும் இதே வகைதான். பத்து இடத்தில் இருக்கிறதே என்று நாம் நம்புகிறோம். அந்தப் பத்தும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் அது ஒன்றுதான், பத்து அல்ல. முஹத்திஸ்கள் அறிவிப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவில்லை. எல்லாச் சங்கிலிகளும் எந்த மனிதரிடம் போய்ச் சேருகின்றன என்று பார்த்தார்கள். சனது மார்க்கத்தின் ஒரு பகுதி, அது இல்லையென்றால் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள் என்ற கருத்தில் அப்துல்லாஹ் பின் முபாரக் (ரஹ்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் காண்கிறோம்.

நல்ல நிய்யத் மட்டும் போதுமா?

எல்லாத் தவறும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸ் என்ற மொழி பேசப்படுகிறது. அந்த மொழிக்கும் ஒரு விக்கிப்பீடியா உண்டு. 2020இல் ஓர் உண்மை வெளியானது: அதிலுள்ள கட்டுரைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொடங்கியவர் ஓர் அமெரிக்க இளைஞர், அவருக்கு அந்த மொழியே தெரியாது! பன்னிரண்டு வயதில் ஆரம்பித்திருக்கிறார். ஆங்கில வாக்கியத்தை எழுதி, சொற்களின் எழுத்தை மட்டும் ஸ்காட்ஸ் போலத் தெரியும்படி மாற்றியிருக்கிறார். அவருக்குக் கெட்ட நோக்கம் இல்லை, உதவுவதாகவே நினைத்திருந்தார். ஆனால் அதைப் பார்த்தவர்கள், இது தனி மொழியே இல்லை, கொச்சை ஆங்கிலம்தான் என்று எண்ணும் நிலை வந்தது.

உனக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே. செவி, பார்வை, உள்ளம் எல்லாமே விசாரிக்கப்படும் என்ற எச்சரிக்கை இஸ்ராஃ அத்தியாயத்தில் இருக்கிறது (17:36). மார்க்கம் தெரியாமல் மார்க்கம் பேசுபவருக்கும், மருத்துவம் தெரியாமல் மருந்து சொல்பவருக்கும் இது பொருந்தும்.

நீதியாகப் பேசுவோம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, விக்கிப்பீடியா முழுவதும் பொய் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு கூட நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (5:8). 2005இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு தவறுகள். புகழ்பெற்ற பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா இந்த ஆய்வை ஏற்கவில்லை. ஆனாலும் அறிஞர்கள் தொகுத்த நூலிலும் தவறு இருக்கும் என்பது நமக்குப் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் மோரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொல்லாத ஒரு வாசகத்தை விக்கிப்பீடியாவில் வேண்டுமென்றே போட்டுச் சோதித்தார். ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியா ஆசிரியர்கள் அதை நீக்கினார்கள். ஆனால் பல நாடுகளின் நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கல் செய்தியில் அச்சிட்டுவிட்டன. அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது! இங்கே தவறியது யார்? எடுத்துச் சொன்னவர்கள்!

நாம் என்ன செய்ய வேண்டும்?

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். காரணம் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள் என்றார்கள். இதற்குச் சாட்சி கொண்டு வாருங்கள் என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள் (புகாரி). ஸஹாபியிடமே சாட்சி கேட்ட சமுதாயம், சகோதரர்களே, நாம்!

ஆகவே, ஒரு கட்டுரையைப் படிக்கும்போது முதலில் அடிக்குறிப்பைப் பாருங்கள். அந்த நூல் உண்மையில் இருக்கிறதா, நீங்கள் படித்த செய்தி அதில் இருக்கிறதா, அந்த நூல் அந்தக் கட்டுரைக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். பக்கத்தின் மேலே திருத்தங்களின் வரலாறும் உரையாடலும் இருக்கும். சர்ச்சை இருந்தால் அங்கே தெரியும். மார்க்கச் சட்டமாக இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். மருந்தாக இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். ஒருவரின் மானம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், உறுதியாகும் வரை உங்கள் கையோடு நிற்கட்டும். தவறு என்று உங்களுக்கு ஆதாரத்தோடு தெரிந்தால், குறை பேசிவிட்டுப் போகாதீர்கள், திருத்துங்கள். அந்தக் கதவு உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

கேட்டதையெல்லாம் சொல்வதே ஒரு மனிதர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). பொய்யை உருவாக்கியவருக்கு மட்டும் சொல்லப்பட்ட எச்சரிக்கை அல்ல இது. விசாரிக்காமல் கடத்தியவருக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பெரியவர் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவரது கப்ரை ஒளிமயமாக்குவானாக! அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. இன்று ஒரு செய்தியை யாருக்காவது அனுப்பும் முன் உங்கள் விரலை ஒரு கணம் நிறுத்தி, அதே கேள்வியை உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: "இது எந்தக் கிதாபில் இருக்கிறது?"

யா அல்லாஹ்! பயனுள்ள கல்வியை எங்களுக்குத் தருவாயாக! உண்மையை உண்மையாக அறிந்து பின்பற்றவும், பொய்யைப் பொய்யாக அறிந்து விலகவும் அருள் செய்வாயாக! எங்கள் நாவாலும் விரலாலும் யாருடைய மானமும் பறிபோகாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.