பெயர் யாருடையது?

குமுளியில் ஏலக்காய்க் கடை நடத்தும் என் தம்பி மகன், கடையின் இணையப் பெயரைப் போன வருடம் இழந்தான். பணம் கட்டியவன் அவன். பதிவில் இருந்ததோ ஏஜென்டின் பெயர். ரயில்வேயில் நான் கண்டது இதுதான்: ரசீது யார் பெயரிலோ, சரக்கு அவருக்கே.

'.இன்' பெயர்களின் பதிவேடு 2005 முதல் நிக்ஸி என்ற அமைப்பிடம் இருக்கிறது. அது அங்கீகரித்த பதிவாளர்களின் கீழேதான் ஏஜென்டுகள் விற்கிறார்கள். ஆகவே அன்பர்களே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. உங்கள் பதிவாளர் யார்? (அவர் நிக்ஸியின் பட்டியலில் இருக்கவேண்டும். '.காம்' என்றால் ஐகேன் பட்டியலில்.)

2. உரிமையாளராக என் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகுமா?

3. வேறு பதிவாளரிடம் மாற, அதற்கான ரகசியக் குறியீட்டைக் கேட்டதும் தருவீர்களா?

மூன்றாவதற்குத் தயங்குபவரிடம் கணக்குத் தொடங்கவேண்டாம்.