வலிக்காத கட்டி

பத்தாம் வகுப்பு அறிவியலில் புற்றுநோய் பற்றிய பகுதி, கார்சினோமா, சார்கோமா, லுக்கேமியா என்ற வகைப்பாட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அம்மா, பாட்டி, அத்தை என்று பெண்கள் இருக்கிறார்கள். இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,92,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர்.

தாமதத்திற்கு முக்கியக் காரணம், தொடக்கத்தில் வலி இல்லாததே. "வலிக்கலையே, தானா கரைஞ்சிடும்" என்று புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார்கள் உண்டு. மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தென்படும் கட்டி, தோல் குழிதல் அல்லது ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தல், காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவை உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஊசி போட்டுத் திசு எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்திற்கு அடிப்படையில்லை.

கிராமத்தில் மேமோகிராம் கருவிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தனர். கருவி எதுவும் இல்லை. இருபதாண்டுத் தொடர் கவனிப்பின் முடிவு 2021இல் வெளியானது: 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு இளையவர்களிடம் இறப்பு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அத்தகைய கைப்பரிசோதனை 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மேற்பரிசோதனைக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முன்னாள் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்றால் ஊரார்க்குச் சட்டென்று புரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

இச்செய்தியைச் சொல்லப் பொருத்தமான இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். உறுப்பினர்களில் பலர் தாய்மார்களே. பெண் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் பேசினால் போதும். "காலாண்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தம் உடம்பைத் தள்ளிப்போடும் ஆசிரியைகளுக்கும் அந்தப் பத்து நிமிடம் பொருந்தும்.

வகுப்பில் "ஆண்களுக்கும் வருமா, சார்?" என்று யாராவது கேட்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். வரும். பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவாக ஆண்கள் இருக்கிறார்கள்.