ஆதிமனிதரை வரையப்போகும் தம்பிக்கு



நீ அனுப்பிய பென்சில் வரைவுகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஆதிமனிதரில் தொடங்கி முதல் நகரங்கள்வரை போகும் சிறுவர் நூல், அதன் படங்கள் முழுக்க உன் பொறுப்பு. இந்த வயதில் இப்படி ஒரு வேலை கையில் சேர்வது பெரிய விஷயம். கோடு உனக்கு நன்றாக வருகிறது. தசை எங்கே புடைக்கும், எங்கே தளரும் என்று தெரிந்த கை. அதனால் கோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல நினைப்பது சான்றைப் பற்றி. இதே மாதிரி வேலையை எடுத்திருக்கும் மற்ற இளம் ஓவியர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பத்து வயதுப் பிள்ளை பாடத்தை மறந்துவிடும், படத்தை மறக்காது. எழுதுகிறவருக்கு ‘இருக்கலாம்’, ‘என்று கருதப்படுகிறது’ என்று ஒதுங்கிக்கொள்ள இடம் உண்டு. நமக்கு அந்த இடம் கிடையாது. முகத்தை வரைந்தால் மூக்கு வைத்தாக வேண்டும், தோலுக்கு ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் போடுமுன் கேட்டுக்கொள்: இது எலும்பிலிருந்து வருகிறதா, கல்லிலிருந்து வருகிறதா, நான் ஏற்கெனவே பார்த்த இன்னொரு படத்திலிருந்து வருகிறதா? உன் வரைவுகளில் பாதி மூன்றாவது வகை. தடி பிடித்த ஆண், குகை வாசலில் குழந்தையோடு குந்தியிருக்கும் பெண், கூனிலிருந்து படிப்படியாக நிமிரும் வரிசை எல்லாமே வேறு ஓவியர்களிடமிருந்து வந்தவை.

அந்தக் கூனல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908இல் பிரான்சில் லா ஷப்பெல் ஓ செயின் என்ற ஊர்க் குகையில் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூடு ஏறத்தாழ முழுதாகக் கிடைத்தது. பாரிஸில் மார்செலின் பூல் அதை ஆராய்ந்தார். வளைந்த முழங்கால், முன்னே துருத்திய தலை, குரங்குக்கு நெருங்கிய நடை என்பது அவர் முடிவு. அந்தப் பார்வையைத் தழுவி 1909இல் ஒரு பிரெஞ்சு வார இதழுக்குப் படம் வரைந்தவர் ஃபிரான்டிஷெக் குப்கா. பின்னாளில் அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்பட்ட பெரிய கலைஞர். அவர் வரைந்தது மயிரடர்ந்த, குரங்கு போன்ற ஒரு காட்டு உருவம். இரண்டே ஆண்டுகள் கழித்து லண்டனில் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் கருத்துப்படி அமெதே ஃபோரெஸ்டியர் இன்னொரு படம் வரைந்தார். அதே எலும்புகளுக்குரிய மனிதர் அங்கே நெருப்பருகே அமைதியாக உட்கார்ந்து கற்கருவி செய்துகொண்டிருக்கிறார்.

1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்தார்கள். அந்த எலும்புகளுக்குரியவர் கடுமையான மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர், பற்களில் பெரும்பாலானவற்றை இழந்தவர். நியாண்டர்தால்கள் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர்கள் என்பது இன்று யாரும் மறுக்காத செய்தி. ஆனால் மக்கள் மனதில் நின்றது குப்காவின் படம்தான். ஒரு நோயாளிக் கிழவரின் எலும்பை வைத்து ஒரு மனித இனத்தையே மிருகமாக்கிவிட்டோம். குப்காவுக்குத் திறமை குறைவாக இருந்திருந்தால் இவ்வளவு கேடு நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். திறமை உள்ளவன் என்பதால்தான் உன்னிடம் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது உன் இரண்டாம் பக்க வரிசை. 1965இல் டைம் லைஃப் நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் 15 உருவங்களை வரிசையாக நடக்கவிட்டார். அதன் நகல்கள் உலகமெங்கும் பரவின. நம் பள்ளிச் சுவர்களிலும் அதுதான் இருக்கிறது. ஒருவர் போய் அடுத்தவர் வந்தார் என்று அது சொல்கிறது. உண்மை அப்படியில்லை. சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளை எடுத்துக்கொள். ஆப்பிரிக்காவில் நம் இனம், ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள், ஆசியாவில் டெனிசோவர்கள், இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் மூன்றரை அடி உயரமே உள்ள ஒரு மனித இனம், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் இன்னொன்று. ஐவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். இன்றும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 சதவீதம் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒரு நாளை இரண்டு பக்கத்துக்கு விரித்து வரை. ஐந்து இடங்கள், ஐந்து விதமான காலைப்பொழுது. லூசோன் மனிதரிடமிருந்து சில பற்களும் கை, கால் எலும்புகளும்தான் கிடைத்திருக்கின்றன. அவரைத் திரும்பி நிற்கவை. முகம் கிடைக்காதவருக்கு முகம் கொடுக்காதே.

நிறத்தையும் பார். உன் வரிசையில் இடப்பக்கம் கறுப்பாகத் தொடங்கி வலப்பக்கம் போகப்போக வெளுக்கிறது. நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். ஆனால் நம் ஊர்க் கறுத்த பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அதற்கு என்ன சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பார். இங்கிலாந்தில் செடார் பள்ளத்தாக்கின் குகையில் 1903இல் கிடைத்த எலும்புக்கூடு சுமார் 10,000 ஆண்டுப் பழமையானது. நெடுங்காலம் அவரை வெளுத்த தோலோடுதான் காட்டிவந்தார்கள். மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு, அவர் தோல் கறுத்ததாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. வெளுத்த தோல் ஐரோப்பாவில் பரவியதே பிற்காலத்தில்தான். நம் இனத்தின் ஆகப் பழைய எலும்புகளாக இன்று கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். வெளுப்பது முன்னேற்றம் என்று உன் தூரிகை சொல்லக்கூடாது.

பெண்களை எழுப்பி நிற்கவை. டயேன் கிஃபோர்ட் கொன்சாலெஸ் என்ற தொல்லியலாளர் 1993இலேயே இத்தகைய படங்களைத் தொகுத்துப் பார்த்துச் சுட்டிக்காட்டினார்: ஆண் ஓடுகிறான், எறிகிறான், கைநீட்டிக் காட்டுகிறான், பெண் தரையில் மண்டியிட்டுத் தோலைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள். பெருவில் வில்லமாயா பாட்ஹா என்ற இடத்தில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் ஓர் இளம்பெண் என்று 2020இல் தெரியவந்தது. எல்லாப் பெண்களும் வேட்டையாடினார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் யாரும் வேட்டையாடவில்லை என்று வரைய உனக்கு என்ன ஆதாரம்? கிழவிகளையும் சேர். உன் முப்பது பக்கத்தில் வயதான பெண் ஒருத்தி கூட இல்லை.

அழகான கதைகளிடம்தான் அதிகம் கவனம் தேவை. இராக்கின் ஷானிடர் குகையில் ரால்ஃப் சொலெக்கி 1950களில் அகழ்ந்தபோது நியாண்டர்தால் உடல்கள் கிடைத்தன. ஓர் உடலருகே பூந்தாது கிடைத்ததால், பூத்தூவிப் புதைத்தார்கள் என்ற செய்தி உலகெங்கும் போனது. நீயும் மஞ்சள் பூக்களை வரைந்திருக்கிறாய், மிக அழகாக. ஆனால் வளை தோண்டும் எலிகளோ தேனீக்களோ அந்தத் தாதுவைக் கொண்டுவந்திருக்கலாம் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அதே குகையில் ஐயத்துக்கு இடமில்லாத இன்னொருவர் இருக்கிறார். வலக்கை சூம்பி முன்கையை இழந்தவர். இடக்கண் பார்வை பெரும்பாலும் போனவர். அப்படியும் அந்தக் காயங்கள் ஆறிப் பல்லாண்டு வாழ்ந்தவர். யாரோ அவரோடு சாப்பாட்டைப் பகிர்ந்திருக்கிறார்கள். பூவை எடுத்துவிட்டு அவரை வரை.

இனி நம் பக்கத்து மண். அத்திரம்பாக்கம் உன் நூலில் இருக்கிறது என்று பார்த்ததும் மகிழ்ந்தேன். 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் கண்டார். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே பொறுமையாக அகழ்ந்தார்கள். கைக்கோடரிகள் கிடந்த அடுக்கு 15 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானது என்ற முடிவு 2011இல் வந்தது. பிறகு தோன்றிய நுணுக்கமான செதில் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்ற முடிவு 2018இல்.

ஆனால் அங்கே ஒரு மனித எலும்பு கூடக் கிடைக்கவில்லை. இந்தியாவில் பழமனித மண்டையோடு என்று எடுத்துக்காட்ட இருப்பது 1982இல் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சொனகியா கண்டெடுத்த பகுதிதான். அதன் காலம் அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்குக்கு வெகு பின்னால். அப்படியிருக்க, நீ அத்திரம்பாக்கத்துக்கு நான்கு முகங்களை முழு விவரத்தோடு வரைந்திருக்கிறாய். அழித்துவிடு. அந்த இடம் உனக்குத் தருவது வேறு. குவார்ட்சைட் கல் தருகிறது. களிமண் படிந்த வெள்ளச் சமவெளியைத் தருகிறது. விலங்குகளின் பற்களையும் குளம்புத் தடங்களையும் தருகிறது. பெரிய கருவிகளுக்கான செதில்களை வேறிடத்தில் உடைத்து எடுத்து வந்திருக்கிறார்கள் என்ற செய்தியையும் தருகிறது. அதை வரை: ஈரமான களிமண்ணில் மாட்டுக் குளம்படிகளின் ஊடே, கையில் கனமான கல்லோடு நடந்து வருகிறவர்கள். பின்புறமாக, தூரத்தில். பக்கத்தின் அடியில் இரண்டு கைகளை மட்டும் பெரிதாகப் போடு. ஒன்று செதுக்குகல்லைப் பிடித்திருக்கட்டும், மற்றது உருப்பெறும் கருவியை. கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. உள்ளங்கையில் அடக்கிப் பிடித்தது. நீ அதைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். நெருப்பும் வேண்டாம், அங்கே அவ்வளவு பழைய நெருப்புக்குச் சான்று இல்லை.

நாகரிகப் பகுதிக்கு வருகிறேன். வேளாண்மை, பிறகு ஊர், பிறகு கோயில் என்று ஏணி கட்டியிருக்கிறாய். துருக்கியின் கோபெக்லி தெபேயில் கி.மு. 9500ஐ ஒட்டி, பெரும்பாலும் வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்த மக்கள், ஐந்து மீட்டருக்கும் உயரமான கல்தூண்களை நிறுத்தி நரியும் பன்றியும் கழுகும் செதுக்கினார்கள். இதை ஒரு பக்கமாவது வை. ஏணி தானாக ஆடும்.

எகிப்துப் பக்கத்தில் சாட்டை இருக்கிறது. அது சினிமாவிலிருந்து வந்தது. கிஸாவில் 1990இல் பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. முறிந்து, பிறகு ஒழுங்காகச் சேர்ந்த எலும்புகள் அவற்றில் இருந்தன. கட்டு போட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அருகே மார்க் லேனர் அகழ்ந்த குடியிருப்பில் பெரிய ரொட்டி அடுப்புகள். செங்கடல் கரையில் வாதி அல் ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலே குழு கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துராவிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் கிஸாவுக்குக் கொண்டுவந்த அன்றாடக் குறிப்பு இருக்கிறது. அவர்கள் விருப்பப்பட்டு வந்த கூலிகள் என்று நான் சொல்லவில்லை. அரசு அழைத்தால் வராமல் இருக்க முடியாது. ஆனாலும் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் நாள்தோறும் எழுதிய கணக்கு கையில் இருக்கும்போது சாட்டை எதற்கு? மெரெரின் படகை வரை.

மொகஞ்சதாரோவில் நீ அரியணையும் கிரீடமும் போட்டு ஓர் அரசரை உட்காரவைத்திருக்கிறாய். அந்தத் தாடிக்காரச் சிலை 17.5 செ.மீ. உயரமே உள்ள ஒரு மாக்கல் உருவம். மார்புக்குக் கீழே உடைந்தது. அரசர் என்றும் பூசாரி என்றும் பெயர் வைத்தவர்கள் அகழ்ந்தவர்கள். அங்கே அரண்மனை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடம் இல்லை, அரச கல்லறையும் இல்லை. இருப்பது 1:2:4 என்ற ஒரே விகிதத்தில் அறுத்த செங்கல், மூடிய கழிவுநீர் வாய்க்கால், சுமார் 700 என்று மதிப்பிடப்படும் கிணறுகள். வாய்க்காலைத் திறந்து வண்டல் அள்ளிய ஒருவர் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்த நகரம் நாறிப்போயிருக்கும். அரசர் இருந்த இடத்தில் அந்த மனிதரை வை. ஆரியர் குதிரையில் வந்து மக்களை வெட்டும் காட்சியையும் எடுத்துவிடு. அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் சொன்ன அந்தப் படுகொலைக் கதையைத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964லேயே மறுத்துவிட்டார்; எலும்புக்கூடுகள் ஒரே நாளில் வீழ்ந்தவர்களுடையவை அல்ல.

இவ்வளவையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீ கேட்பாய். எனக்கு மிஞ்சுவதுதான் அதிகமாகத் தெரிகிறது. கற்பனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணின் ஈரம், குழந்தையைத் தூக்கும் தோரணை, மாலை வெயில், இவையெல்லாம் உன்னுடையவை. எந்த எலும்பும் தராது. ஆனால் எது உன்னுடையது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல். ஒவ்வொரு படத்தையும் சிறிதாக அச்சிட்டு, சான்று உள்ள பகுதிக்கு ஒரு நிறம், ஓவியர் சேர்த்த பகுதிக்கு வேறு நிறம் என்று காட்டு. அச்சுச் செலவு கூடும் என்பார்கள். விட்டுக்கொடுக்காதே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பதிப்பாளரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்