கோழித் தீவனத்திற் களிமண்ணும் நோய் மருந்தும்

கோழி முதலியவற்றிற்குக் கொலிஸ்டின் என்னும் ஆண்டிபயாடிக் மருந்தைக் கொடுத்தலாகாதென்று மத்திய அரசாங்கத்தார் 2019-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தடை விதித்தனர். வேறு மருந்து பலிக்காத சமயத்தில் மனிதருக்குக் கடைசியாக உதவுவது அஃதாகையால், அதன் வலிமை கெடலாகாதென்பதே காரணம். தமிழ்நாட்டில் மருந்துச் சட்டங்களை நிறைவேற்றும் இலாகாவின் தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. எம்மருந்தை விற்கலாம், எதை விற்கலாகாது என்பதை அவ்விடத்து அதிகாரிகள் கவனிப்பார்கள். அனுமதி பெற்ற மருந்து கோழியின் வயிற்றிற் சென்றபின் தீவனத்திலுள்ள களிமண்ணிடம் அகப்பட்டுக்கொள்கிறதா என்பதையோ பண்ணைக்காரரே அறிந்திருக்கவேண்டும்.

தீவனத்திற் களிமண் ஏதென்று சிலர் வியக்கக்கூடும். கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம்பட்டுப் பூஞ்சணம் பூத்தால் அப்ளடாக்ஸின் என்ற விஷம் உண்டாகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, பிரேஸில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இவ்விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அதனைப் பிடித்து எச்சத்தோடு வெளியேற்றும்பொருட்டுப் பெண்டோனைட் என்ற களிமண் தீவனத்திற் சேர்க்கப்படுகிறது. டாக்ஸின் பைண்டர் என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் இருப்பது இதுவே.

இம்மண்ணின் ஒவ்வொரு துகளும் ஏடுகளை அடுக்கிய சுவடி போன்றது. ஓர் ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு. ஏடுகள் ருண மின்சாரம் உடையனவாதலின், தன மின்சாரமுள்ள பொருள்கள் இடையிற் புகுந்து ஒட்டிக்கொள்கின்றன. தட்டையான வடிவுள்ள அப்ளடாக்ஸினும் அவ்விடைவெளியில் தங்கிவிடுகிறது. ஆயினும் விஷமென்றும் மருந்தென்றும் மண்ணுக்குப் பேதம் தெரியாது. டெட்ராஸைக்ளின் வகை மருந்துகள் அமிலத்தில் தன மின்சாரம் கொள்வன. ஆகவே அமிலம் சுரக்கும் வயிற்றில் அவை களிமண்ணை இறுகப் பற்றுகின்றன. சிறுகுடலில் அமிலம் தணிந்ததும் அப்பிடி சற்றுத் தளரும். எவ்வளவு தளரும் என்பது மண்ணின் ஜாதியையும் அளவையும் பொறுத்தது. முட்டைக்கோழித் தீவனத்தில் மிகுதியாயுள்ள சுண்ணாம்புச் சத்தும் இதே மருந்தைப் பிடித்து நிறுத்தும். டைலோஸின், டில்மிகோஸின் முதலிய மாக்ரோலைடு மருந்துகளைப் பெண்டோனைட்டுடன் வாய்வழியே ஒருங்கு கொடுத்தலாகாதென்று ஐரோப்பியச் சட்டம் 2013-இலேயே விதித்துள்ளது. மனிதரிடத்தும் இஃதுண்டு. கயோலின் மண் சேர்ந்த பேதி மருந்தோடு லிங்கோமைஸினை உட்கொண்டால், பின்னதில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்திற் சேராமற் போகிறது.

2004-இல் மான்செஸ்டரிற் பிரித்தெடுக்கப்பட்ட கிராஃபீன் என்ற கரி ஏட்டைக் கொண்டும், அதன் இனப்பொருள்களைக் கொண்டும் இப்போது இத்தகைய பரீக்ஷைகள் நடக்கின்றன. டெட்ராஸைக்ளினின் வளையங்கள் அவ்வேட்டின்மேல் தட்டையாய்ப் படிந்து ஒட்டுகின்றன. வெறும் ஜலத்தில் அது பிடிக்கும் அளவு பெரிதுதான். ஆனால் குடல் நீரில் பித்தமும் புரதமும் அதே இடத்திற்குப் போட்டியிடும். கண்ணாடிக் குடுவையின் கணக்கைக் கொண்டு கோழியின் குடலை அளத்தல் தகாது.

மருந்து மண்ணிடம் சிக்கினால் நோய் தணியாது. பண்ணைக்காரர் மருந்து போலியென்றெண்ணி அளவை இரட்டிப்பார். பணம் போவதோடு, அரைகுறை மருந்திற்குத் தப்பிய கிருமிகள் பின்னர் அதற்கு அஞ்சாதனவாகும். மண்ணோடொட்டிய மருந்தோ எருவின் வழியாக வயலை அடையும்.

ஆதலால் மருந்துச் சீட்டுப் பெறும்போதே தீவன மூட்டையின் விவரச் சீட்டையும் பைண்டர் பொடியின் உறையையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மருந்தைக் குடிநீரிற் கலந்துவிட்டாற் போதுமென்று சிலர் நினைப்பது சரியன்று. இரண்டும் சந்திப்பது ஒரே குடலில்தான். களிமண்ணை நிறுத்தும்படி அவர் சொன்னால், அந்நாட்களுக்கென்று நன்கு உலர்ந்த, பூஞ்சணம் படாத தானியத்தையும் பிண்ணாக்கையும் முன்னதாகவே தனியே எடுத்துவைக்கவேண்டும். மருந்து முடிந்தபின் அவர் குறித்த நாள் கழியுமட்டும் முட்டையைச் சந்தைக்கு அனுப்பலாகாது.