கேட்கத் தெரிந்த செவிலியர்

மருத்துவர் தரும் மருந்தோடு மூலிகைகளையும் உண்போர் பலர். ஆனால் அதை வெளியே சொல்வோர் சிலரே. 1990-இல் அமெரிக்காவில் எடுத்த ஆய்வில், நூற்றுக்கு 34 பேர் மாற்று மருத்துவத்தை நாடியிருந்தனர். அவர்களுள் 72 விழுக்காட்டினர் அதை மருத்துவரிடம் தெரிவிக்கவில்லை.

இம்மௌனம் ஆபத்தானது. மனச்சோர்வுக்குப் பயன்படும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்னும் மூலிகை, கல்லீரலைத் தூண்டிப் பிற மருந்துகளை விரைவில் சிதைத்துவிடும். மாற்று இதயம் பெற்ற இருவர் இதை உண்டதால், சைக்ளோஸ்போரின் மருந்து இரத்தத்தில் குறைந்து, புதிய இதயத்தை உடல் ஏற்க மறுத்த செய்தி 2000-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளிவந்தது.

ஆகவே, நோயாளியிடம் கேட்கும் முறையைச் செவிலியர் கற்க வேண்டும். இதற்குக் கணினி உதவுகிறது. திரையில் தோன்றும் கற்பனை நோயாளியுடன் பயிற்சி மாணவி உரையாடுகிறார். “இதையெல்லாமா சாப்பிடுகிறீர்கள்?” என்று கடிந்தால் நோயாளி வாய் திறவார். “வீட்டு மருந்து, மூலிகை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?” என்று கனிவுடன் கேட்டால் உண்மை வெளிவரும். தவறினால் மீண்டும் பழகலாம், எவருக்கும் தீங்கில்லை.

தோழியரே! நம்முள் பலர் நாளைய செவிலியர். பிறர் நம்பிக்கையை இகழாமல் கேட்கும் பண்பை இன்றே பழகுவோம். நம் பாட்டியர் மருத்துவரிடம் செல்கையில், உண்ணும் மூலிகைகளையும் மறவாமல் சொல்லத் துணை நிற்போம்!