மிருகங்களைக் கொல்வது பாவமா?



“கொலை செய்யாதே” என்னும் ஐந்தாம் கட்டளை மிருகங்களையும் குறிக்கிறதா? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதே விடை. அக்கட்டளை மனித உயிரைக் காப்பதற்காகத் தரப்பட்டது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்கு மீனும் அப்பமும் கொடுத்தார் என்று யோவான் எழுதுகிறார். ஆகவே, உணவுக்காக உயிர்களைக் கொல்வது பாவமன்று. அப்படியானால் நாம் விரும்பியபடியெல்லாம் கொல்லலாமா?

திருமறை என்ன கூறுகிறது?

தொடக்க நூலில், உயிர்கள்மீது மனிதனுக்கு ஆளுகை அளித்த இறைவன், செடிகளையும் பழங்களையுமே அவனுக்கு உணவாகக் குறிப்பிடுகிறார். பெருவெள்ளத்தின் பின்னரே நோவாவுக்கு இறைச்சி அனுமதிக்கப்படுகிறது. அப்போதும் இரத்தம் விலக்கப்பட்டது. ஏனெனில் உயிர் இறைவனுக்கே உரியது. குஞ்சுகளோடு கூட்டில் இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் போகவிட வேண்டும் என்று இணைச்சட்டம் (22:6-7) கற்பிக்கிறது.

திருச்சபையின் போதனை

வேட்டைக்காரருக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு; அவர் புனித ஹூபேர்ட். எனினும், 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் காளைச் சண்டைகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவுக்கும் உடைக்கும் மிருகங்களைப் பயன்படுத்தலாம் என்கிறது. தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்றும் கூறுகிறது. இப்போதனை “களவு செய்யாதே” என்னும் ஏழாம் கட்டளையின் கீழ் வருவது கவனிக்கத்தக்கது. படைப்பு எல்லாத் தலைமுறைகளுக்கும் பொதுவான சொத்து. அதை அழிப்பவன் பிறக்கப்போகும் பிள்ளையின் பங்கையும் எடுத்துவிடுகிறான்.

நமது வாழ்வில்

மன்னார்க் கடலில் ஒருகாலம் நிறைந்திருந்த கடற்பன்றி இன்று காண்பதற்கே அரிது. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். அதையும் கடலாமையையும் பிடிப்பதை நாட்டுச் சட்டம் தடுக்கிறது. முட்டையிடக் கரையேறும் ஆமையைப் புரட்டிப்போடுபவர், கூட்டிலிருக்கும் தாய்ப்பறவையை நினைத்துப் பார்க்கட்டும்.

பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் கமக்காரனை நாம் குற்றஞ் சொல்வதற்கில்லை. ஆனால் அவன் வைக்கும் கட்டுத்துவக்குக்குப் பன்றி எது, விறகு பொறுக்க வந்த மனிதன் எவன் என்று தெரியாது. அங்கே ஐந்தாம் கட்டளையே நம்முன் வந்து நிற்கிறது.

ஆகவே, ஓர் உயிரைக் கொல்லுமுன் மூன்று கேள்விகளை உங்கள் மனச்சாட்சியிடம் கேளுங்கள்:

1. இது உண்மையில் தேவையா, அல்லது வெறும் விளையாட்டா?

2. வேதனையைக் குறைக்கிறேனா?

3. நாளைய பிள்ளைகளுக்கும் இது மிஞ்சுமா?

பெற்றோரே, கெற்றப்போலுடன் குருவிக்குக் குறிபார்க்கும் மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். சிறு உயிரிடம் இரக்கம் பழகாதவன் மனிதரிடமும் கொடுமை பழகுவான் என்பது புனித தோமஸ் அக்குவினாஸ் தந்த எச்சரிக்கை.